பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை: மூன்று வயது வரை பொறுக்கலாமா?

6 ஜனவரி 2024, கேள்வி

என் மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம் ஆகிறது. ஒன்றரை வயதில் பத்துச் சொற்கள் வரை பேசினான். இப்போது அவற்றில் ஒன்றுகூட இல்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. பொம்மைக் காரைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் மூன்று வயது வரை பொறுக்கச் சொல்கிறார். ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று வீட்டிலும் சொல்கிறார்கள். நானாக விசாரித்ததில் மதிப்பீட்டுக்கு ஏழு மாதம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. பொறுப்பதா, வரிசையில் பெயர் கொடுப்பதா? ஆட்டிசம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது.

6 ஜனவரி, இரவு

நாளைக் காலையிலேயே பெயர் கொடுங்கள். தேவையில்லை என்று பின்னால் தெரிந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் விலகிக்கொள்ளலாம். ஆறு மாதம் யோசித்துவிட்டுப் பெயர் கொடுத்தால் அதன் பிறகும் ஏழு மாதம் காத்திருக்க வேண்டும். தாமதமாகப் பேசுவது ஒன்று, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழப்பது வேறொன்று. பேச்சோ, பிறரோடு பழகும் விதமோ எந்த வயதில் பின்னோக்கிப் போனாலும் உடனே காட்ட வேண்டும்; அதற்குப் பொறுத்துப் பார்க்கும் கணக்கே கிடையாது.

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. அவனிடம் இதை முதலில் கவனித்தவர் என் மாமியார். ஒரு மாலை அவன் தரையில் உட்கார்ந்து டப்பா மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். மாமியார் அவனுக்குப் பின்னால் நின்று மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தார், அவன் அசையவில்லை. பிறகு ஒரு டம்ளரைக் கரண்டியால் மெதுவாக ஒரு தட்டு தட்டினார்; சட்டென்று திரும்பினான். "காது நல்லாத்தான் கேக்குது. நம்ம கூப்பிடறதுதான் அவனுக்குக் கூப்பிடறதாப் படல" என்றார். மூன்று நாள் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிற்பாடு ஒரு நிபுணர் அதையே நான்கு பக்கத்தில் எழுதித் தந்தபோது பணமும் கொடுத்து நன்றியும் சொன்னேன்.

வரிசையில் நிற்கும்போதே வீட்டில் செய்யக்கூடியது எம்-சாட்-ஆர் என்ற வினாப்பட்டியல். 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கானது. உங்கள் மகன் இன்னும் அந்த வயதுக்குள் இருக்கிறான். மொத்தம் 20 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று பதில். 'இல்லை' என்ற பதில்களை எண்ணிக் கூட்டுங்கள். 2 வரை வந்தால் ஐயம் குறைவு, 3 முதல் 7 வரை நடுத்தரம், 8-க்கு மேல் வந்தால் நேரே மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். அது சலித்தெடுக்கும் கருவி மட்டுமே, நோயறிதல் அன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் எந்தக் கவலையும் இல்லாத குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் 18-ஆம் மாதத்திலும் 24-ஆம் மாதத்திலும் ஆட்டிசத்துக்கான இப்படிப்பட்ட சலித்தெடுக்கும் சோதனையைச் செய்யச் சொல்கிறது. மூன்று வயது வரை பொறுக்கச் சொன்னவரிடம் இதைப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

7 ஜனவரி, காலை

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்பதை எண்ணக் கூடாது. 2, 5, 12 ஆகிய மூன்றும் தலைகீழானவை: காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது நினைத்ததுண்டா, கண்ணருகே விரல்களை விசித்திரமாக அசைக்கிறானா, அன்றாட ஓசைகளுக்குக் கலங்குகிறானா என்பவை. இவற்றுக்கு 'ஆம்' என்றால்தான் ஒரு புள்ளி. அடுத்தவர் கணக்கில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இன்னொன்று. 'எட்டுக்கு மேல்' என்று எழுதினேன். எட்டும் அதில் சேரும். 3 முதல் 7 வரை வந்தால் அத்தோடு முடிவதில்லை. தவறிய கேள்விகளை மட்டும் எடுத்து, எடுத்துக்காட்டு கேட்டு விசாரிக்கும் இரண்டாம் கட்டம் உண்டு. அதிலும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். எண் குறைவாக வந்தாலும் நீங்கள் வரிசையிலிருந்து விலகாதீர்கள். இழந்த சொற்கள் அந்தக் கூட்டலில் வராது.

9 ஜனவரி

செவிச் சோதனையை இப்போதே முடித்துவிடுங்கள். எங்கே போனாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும், இல்லையென்றால் அதற்காகத் திருப்பி அனுப்புவார்கள். என் மாமியாரின் டம்ளர் சோதனையை நம்பி நாங்கள் இதைத் தவிர்த்தோம். மதிப்பீட்டு நாளில் அறிக்கை எங்கே என்று கேட்டதும் விழித்தோம். டம்ளர் ஓசைக்குத் திரும்பும் குழந்தைக்கும் பேச்சொலி வரும் அலைவரிசைகளில் கேட்புக் குறை இருக்கக்கூடும் என்று அன்றுதான் தெரிந்தது.

சிறு குழந்தைகளுக்கு இரண்டு சோதனைகள் வழக்கம். ஒன்றில் காதுக்குள் சிறு கருவி வைத்து உட்செவி திருப்பி அனுப்பும் ஒலியைப் பதிவு செய்வார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மற்றது பெரா. தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் பதில் தருகின்றனவா என்று பார்ப்பார்கள். அதற்குக் குழந்தை உறங்க வேண்டும். உறக்கம் கெட்டிருந்தால் அங்கே உறங்கும் என்று சொல்லி அதிகாலை நான்கு மணிக்கே எழுப்பச் சொன்னார்கள். எழுப்பினோம். போகும் வழியெல்லாம் வண்டியில் உறங்கினான், சோதனை அறையில் இரண்டு மணி நேரம் விழித்திருந்தான், திரும்பும் வழியில் மறுபடி உறங்கினான். இரண்டாம் முறை என் கணவர் பின்னிருக்கையில் அமர்ந்து வழி முழுவதும் அவனுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். அன்று உறங்கியவர்கள் இருவர்.

14 ஜனவரி

மதிப்பீட்டாளர் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் எங்கள் முதல் மதிப்பீட்டைக் கெடுத்தவள் நான்.

அவனுக்கு அப்போது இரண்டு வயது எட்டு மாதம். ஒருவர் மேசைக்கு அப்புறம் அமர்ந்து கேள்விகளை வாசித்தார். விரலால் சுட்டிக்காட்டுவானா என்றார், காட்டுவான் என்றேன். உண்மைதான், இரண்டு மாதத்துக்கு முன் ஓர் இரவு மொட்டை மாடியில் நிலாவை நோக்கி ஒருமுறை விரல் நீட்டினான். அந்த ஒரு விரல்நீட்டலை நகைப்பெட்டிக்குள் வைத்ததுபோல் பொத்தி வைத்திருந்தேன். அழைத்தால் திரும்புவானா என்றார், திரும்புவான் என்றேன். நான்காம் முறை, தோளைத் தொட்டு அழைத்தால் என்பதைச் சொல்லவில்லை. பிற குழந்தைகளோடு விளையாடுவானா என்றார். ஆம் என்றேன், அவர்கள் ஓடும்போது இவனும் அதே மைதானத்தில் ஓடுவான் என்பதால். ஒரு பதிலும் பொய்யில்லை, ஆனாலும் அந்தப் பதில்களுக்குள் என் மகன் இல்லை. 25 நிமிடத்தில் பேச்சுத் தாமதம் மட்டுமே, ஓராண்டு கழித்து வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் மகிழ்ச்சியோடு வெளியே வந்தேன். பதினோரு மாதம் போயிற்று.

குழந்தையைத் தரையில் இறக்கி விளையாட விட்டுப் பார்க்காதது அவர்கள் தவறு என்று நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அது தவறுதான். ஆனால் நான் கொடுத்த பதில்களை வைத்து வேறு எவரும் வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது.

இரண்டாம் மதிப்பீடு இரண்டு அமர்வுகளாக நடந்தது. வளர்ச்சிநலக் குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் என்று மூவர் இருந்தார்கள். அங்கே "செய்வானா?" என்று யாரும் கேட்கவில்லை. "போன வாரத்தில் எத்தனை முறை செய்தான்?" என்று கேட்டார்கள். "கடைசியாக எப்போது? அப்போது அருகில் யார் இருந்தார்கள்? நீங்கள் முதலில் செய்து காட்டினீர்களா?" நிலா வாயில் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். போன வாரத்தில் எத்தனை முறை என்றால் ஒரு முறையும் இல்லை.

அன்று ஏடாஸ்-2 என்ற முறையில் அவனைப் பார்த்தார்கள். அது கேள்வித்தாள் அன்று. நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை விளையாட்டுபோல் நடக்கும். பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதும் சோப்புக் குமிழி ஊதுவதும் அதில் உண்டு. அந்தப் பெண் குமிழிகளை ஊதிவிட்டுப் புட்டியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தில் எதிர்பார்ப்போடு சும்மா இருந்தார். அவனுக்குக் குமிழி வேண்டும். அவர் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, திருகாணியைத் திருப்பும் கருவியை எடுத்து வைப்பதுபோல், அந்தக் கையைப் புட்டியின் மூடி மேல் கொண்டுபோய் வைத்தான். வீட்டில் தினமும் என் கையை அப்படித்தான் வைத்தான். 'எவ்வளவு கெட்டிக்காரன், வேண்டியதைக் கேட்டு வாங்கிவிடுகிறான்' என்று நான் பெருமைப்பட்டிருந்த செயல் அது.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு, தேதி போட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எத்தனை முறை அழைத்தீர்கள், எத்தனை முறை திரும்பினான், எதையாவது உங்களிடம் காட்டுவதற்காகவே கொண்டுவந்தானா அல்லது திறந்து தரச் சொல்லிக் கொண்டுவந்தானா. இந்தக் கடைசி வேறுபாடு மதிப்பீட்டாளர்களுக்கு மிக முக்கியம். எந்தச் சொல் எந்த மாதத்தில் வந்தது, எப்போது நின்றது என்பதைப் பழைய காணொளிகளைப் பார்த்துக் குறித்து வையுங்கள். நினைவு எப்போதும் நமக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும்.

15 ஜனவரி

காணொளி எடுப்பது பற்றி நேற்று விட்டுப்போயிற்று. கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இரண்டிரண்டு நிமிடத் துண்டுகள் போதும். கையில் பிடித்துக்கொண்டு "இங்க பாரு கண்ணா, சிரி கண்ணா" என்று நீங்கள் பின்னணி பாடும் படங்களால் பயனில்லை. என்னிடம் அப்படிப்பட்டவை நூற்றுக்கு மேல் இருந்தன. அவற்றில் நடித்திருப்பதெல்லாம் நான்தான்.

2 பிப்ரவரி

முத்திரை விழுந்துவிடுமே என்று மறுபடி எழுதியிருக்கிறீர்கள். முத்திரை ஏற்கெனவே விழுந்துகொண்டுதான் இருக்கிறது: பிடிவாதக்காரன், வளர்ப்புச் சரியில்லை, தாய்க்கு வேலை முக்கியம். இவற்றைத் தாங்குவதைவிட மருத்துவர் எழுதும் பெயரைத் தாங்குவது எனக்கு எளிதாக இருந்தது. பயிற்சிக்கும் பள்ளிக்கும் உதவிக்கும் கதவு திறப்பது அந்தப் பெயருக்குத்தான்.

பெயரைப் பற்றிச் சற்று விலகிப் போகிறேன். மதியிறுக்கம் என்ற தமிழ்ச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. மதி எங்கே இறுகியிருக்கிறது? நாள்காட்டியில் எந்தத் தேதி சொன்னாலும் கிழமை சொல்லும் பிள்ளைக்கு இந்தப் பெயரா? புற உலகச் சிந்தனைக் குறைபாடு என்பது இன்னும் மோசம். புற உலகின் ஓசையும் வெளிச்சமும் அவனுக்குக் குறைவாகத் தெரிவதில்லை, அளவுக்கு மீறித் தெரிகின்றன. ஆட்டிசம் என்பதிலும் பெருமை ஒன்றும் இல்லை. 'தான்' என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, மனப்பிளவு நோயாளிகளை விவரிக்க முதலில் புழங்கியது. ஆனாலும் எங்கள் வீட்டில் அது பழகிவிட்டது.



தாய்மார்களுக்காக ஒன்று. அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து 1943-இல் இதை விவரித்தார். அதற்கும் முன்னரே, 1925-இல், சோவியத் மருத்துவர் குரூன்யா சுகரேவா ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியது பல காலம் கவனிக்கப்படவே இல்லை. கானருக்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அன்பில்லாத தாயால்தான் இப்படி ஆகிறது என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'குளிர்ப்பெட்டித் தாய்' என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது. பெர்னார்டு ரிம்லாண்டு என்ற உளவியலாளர், தம் மகனுக்கே ஆட்டிசம் இருந்தவர், இது உயிரியல் காரணத்தால் வருவது என்று 1964-இல் எழுதியபின்தான் அந்தப் பழி தளரத் தொடங்கியது. கர்ப்ப காலத்தில் இரவு வேலை பார்த்தேனே, கைப்பேசி கொடுத்தேனே என்று நீங்கள் கணக்கெழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

3 பிப்ரவரி

'நிலை 1, நிலை 2, நிலை 3 என்கிறார்களே, முதல் நிலை என்றால் குணமாகிவிடுமா' என்று கேட்டவருக்கு: புற்றுநோயின் கட்டங்கள் போன்றவை அல்ல இவை. 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு எவ்வளவு உதவி தேவை என்பதை வைத்து இப்படிப் பிரித்தது. ஆஸ்பெர்கர் என்று தனியாக இருந்த பெயரும் அப்போதுதான் இதற்குள் சேர்ந்தது. சமூகத் தொடர்புக்கு ஒரு நிலையும், திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைக்கு இன்னொரு நிலையும் தனித்தனியே எழுதலாம். என் மகனுக்கு நான்கு வயதில் எழுதிய நிலை இன்று பொருந்தாது. ஊர்வலம் போகும் தெருவில் கேட்டால் ஒன்று, அமைதியான அறையில் கேட்டால் இன்னொன்று.

20 பிப்ரவரி

எம்-சாட்டில் 9 வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. இன்னும் ஐந்தரை மாதம் இருக்கிறது. அதுவரை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

பேச்சுப் பயிற்சி தொடங்க ஆட்டிசம் என்ற அறிக்கை தேவையில்லை. பேச்சு வரவில்லை என்பதே போதுமான காரணம். உண்பது, உடுப்பது போன்ற அன்றாடச் செயல்களைப் பழக்கும் தொழில்வழிப் பயிற்சி, அதாவது எல்லோரும் ஓ.டி. என்று சொல்வது, அதுவும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலான வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கென்று ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது; ஒன்பது குழு அமர்வுகள், மூன்று முறை வீட்டுக்கு வருகை. நோயறிதல் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை, நடத்துபவர்கள் நிபுணர்களாக இருக்க வேண்டியதும் இல்லை. உங்கள் பகுதியில் நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

வீட்டில் நான் செய்ததைச் சொல்கிறேன். அவனுக்கும் சக்கரம்தான். முதலில் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்; பேச்சுப் பயிற்சியாளர் தடுத்தார். அவர் சொன்னபடி இன்னொரு காரை எடுத்துக்கொண்டு எதிரே தரையில் குப்புறப் படுத்து நானும் சுழற்றினேன். முகங்கள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்றார். நான்கு நாள் அவன் என்னைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் என் சக்கரத்தைப் பார்த்தான். அப்போது அதை விரலால் நிறுத்தி, "சுத்து" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஒருபோதும் மூன்றுக்கு மேல் நான் பொறுத்ததில்லை. அவன் சொல்லவில்லை, என் விரலைத் தள்ளினான். தள்ளிவிட்டு முகத்தைப் பார்த்தான். அரைக் கணம்தான். "சுத்து" என்ற சொல் வர மேலும் ஏழு வாரம் ஆயிற்று, ஆனால் கதை அந்த அரைக் கணத்தில்தான் தொடங்கியது.

இரண்டு மொழி புழங்கும் வீடு என்பதால் ஒன்றை நிறுத்தச் சொன்னார்கள் என்கிறீர்கள். எங்களிடமும் சொன்னார்கள், நாங்களும் நிறுத்தினோம். ஆறு மாதம் என் மாமியார் பேரனோடு பேச மொழியின்றி நின்றார். இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளை ஒருமொழிக் குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டாம் மொழியால் கூடுதல் தாமதம் காணப்படவில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அந்த மொழியில் பேசுங்கள்.

படம் காட்டிக் கேட்கும் பெக்ஸ் முறையோ, கைப்பேசியில் அழுத்தினால் பேசும் செயலியோ பரிந்துரைத்தால் மறுக்காதீர்கள். அவை பழகிவிட்டால் வாய்ப்பேச்சு வராது என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பல குழந்தைகளுக்குப் பேச்சும் கூடவே கூடியிருக்கிறது.

22 பிப்ரவரி

'பேச்சு வந்தாலும் கிளிப்பேச்சாக வருகிறது' என்ற நண்பருக்கு ஒரு குறிப்பு. என் மகன் தாகம் எடுத்தால் "உனக்குத் தண்ணி வேணுமா?" என்பான். கேட்பவர்கள் தங்களைக் கேட்கிறான் என்று நினைத்து "வேண்டாம்ப்பா" என்பார்கள், அவன் அழுவான். நீ, நான் இடம்மாறுவதைக் கானரே 1943-இல் குறித்திருக்கிறார். தண்ணீர் வரும்போதெல்லாம் காதில் விழுந்த வாக்கியம் அது. தண்ணீருக்கு அதுதான் பெயர் என்று அவன் எடுத்துக்கொண்டான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது.

திருத்துவதை விட்டுவிட்டு அவன் சொல்ல வேண்டியதை நானே அவன் குரலாகச் சொல்லத் தொடங்கினேன். இதில் தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. எனக்கு, உனக்கு என்பதே இல்லாமல் "தண்ணி வேணும்" என்றால் போதும், வாக்கியம் முழுமையாகிவிடும். இரண்டு மாதத்தில் அது பிடிபட்டது. 'எனக்கு' என்பதை ஐந்து வயதில் பார்த்துக்கொண்டோம்.

11 மார்ச்

குணப்படுத்தும் மருந்து இருக்கிறது என்று ஒருவர் தனிச்செய்தி அனுப்பினாராம். உங்களுக்கு மட்டுமா அனுப்பினார்?

ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றும் மருந்து எதுவும் இல்லை. கடும் எரிச்சலுக்கும் தன்னையே தாக்கிக்கொள்வதற்கும் ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்றவற்றை மருத்துவர் தரலாம். வலிப்பு இருந்தால் அதற்குத் தனி மருந்து. அவ்வளவுதான். செக்ரெட்டின் என்ற செரிமான ஹார்மோன் ஊசியால் குழந்தைகள் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று 1990-களின் இறுதியில் பெரும் பரபரப்பு எழுந்தது. 1999-இல் வெளிவந்த ஆய்வில் ஒரு பாதிக் குழந்தைகளுக்கு செக்ரெட்டினும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். இரு பக்கமும் வேறுபாடின்றி முன்னேறின. இதைச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் 69 விழுக்காட்டினர் செக்ரெட்டினில் இன்னும் ஆர்வம் இருப்பதாகச் சொன்னார்கள்.

அந்த 69-ஐப் படித்து நான் சிரிக்கவில்லை. பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் பேச்சு வரும் என்று நம்பி எட்டு மாதம் நிறுத்தியவள் நான். ஏற்கெனவே ஐந்தே வகை உணவு உண்ணும் பிள்ளைக்கு அதிலும் மூன்றைப் பறித்தேன், எடை குறைந்தது. அந்த எட்டு மாதத்தில் பத்துச் சொற்கள் வந்தன என்று அப்போது பார்ப்பவரிடமெல்லாம் சொன்னேன். அதே மாதங்களில்தான் தரையில் குப்புறப் படுத்திருந்தேன் என்பது கணக்கில் வரவில்லை. உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று கீலேஷன் செய்பவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். 2005-இல் அமெரிக்காவில் அந்தச் சிகிச்சையில் ஐந்து வயதுக் குழந்தை இறந்திருக்கிறது.

தடுப்பூசி பற்றிக் கேட்டவருக்கு: எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 12 குழந்தைகளை வைத்து 1998-இல் வந்த கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. போட வேண்டிய ஊசிகளைப் போடுங்கள்.

28 ஏப்ரல்

பயிற்சி மையம் பார்க்கப் போகிறீர்கள் என்பதால் இது. முதலில் கேளுங்கள்: நான் உள்ளே உட்காரலாமா? கூடாது என்றால் ஏன் என்று கேளுங்கள். சில குழந்தைகள் தாய் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். அப்படியானால் கண்ணாடி வழியாகவோ பதிவாகவோ பார்க்க வழி இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு முறை முக்கால் மணி நேரம் அங்கே நடப்பதை மீதி நேரம் நடத்த வேண்டியவர்கள் நாம். பார்க்காமல் எப்படி நடத்துவது?

இலக்குகளை எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் முதல் மையத்தில் எழுதித் தந்த முதல் இலக்கு 'ஐந்து விநாடி கண்ணைப் பார்த்தல்'. பயிற்சியாளர் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி எண்ணுவார். ஐந்து வந்ததும் நான் கை தட்டினேன். ஏழு வயதில் ஒருநாள் தானாகச் சொன்னான்: "கண்ணப் பாத்தா நீ பேசறது கேக்க மாட்டேங்குது." கை தட்டிய அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இப்போது எங்கள் இலக்குகள் இப்படி இருக்கின்றன: வலித்தால் எங்கே என்று சொல்வது, வேண்டாம் என்று அடிக்காமல் சொல்வது, கழிப்பறைக்குத் தானாகப் போவது, ஓசை அதிகமானால் காதுமூடியைத் தானே எடுத்து அணிவது.

ஏ.பி.ஏ. என்ற நடத்தைப் பயிற்சி முறை பற்றி ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் கடுமையாக எழுதுகிறார்கள். ஐவர் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள் என்பதை இன்றும் விளம்பரமாக எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தக் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதையும் அன்றைய முறையில் தண்டனைகள் இருந்தன என்பதையும் விளம்பரம் சொல்வதில்லை. அதில் பயிற்சி பெற்று வளர்ந்தவர்கள் பலர் தங்களுக்கு அது கொடுமையாக இருந்தது என்று எழுதுகிறார்கள். இன்று அதே பெயரில் நடப்பவை பலவிதம். விளையாட்டோடு கலந்து மென்மையாகச் செய்பவர்களும் உண்டு. பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, குழந்தை அழும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

29 ஏப்ரல்

நேற்று கடுமையாக எழுதிவிட்டேன். தாடையைப் பிடித்த அதே பயிற்சியாளர்தான் அவனுக்குக் காலணி நாடா கட்டக் கற்றுக்கொடுத்தார். இரண்டும் நடந்தது.

17 ஜூன்

இரண்டாம் குழந்தை பற்றிக் கேட்டவருக்கு: மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்று தம்பி தங்கையரைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் சொல்கின்றன. மரபணுச் சோதனை செய்யச் சொன்னால் அது ஆட்டிசம் உண்டா இல்லையா என்று சொல்வதற்காக இல்லை. ஃபிரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு போன்ற அடிப்படைக் காரணம் இருக்கிறதா என்று தேடுவதற்காக. ஆட்டிசத்தைக் காட்டும் இரத்தச் சோதனையோ ஸ்கேனோ கிடையாது. எங்கள் இரண்டாம் குழந்தை பெண். 18-ஆம் மாதம் எம்-சாட் போட்டேன், இம்முறை கூட்டல் சரியாக. ஒன்றும் இல்லை. நிம்மதி வந்தது, கூடவே மூத்தவனுக்குத் துரோகம் செய்ததுபோலவும் இருந்தது.

2 ஆகஸ்ட்

அடுத்த வாரம் உங்கள் முறை. நோட்டுப் புத்தகம், காணொளிகள், செவி அறிக்கை, பேச்சுப் பயிற்சியாளரின் குறிப்பு, அவன் தினமும் பார்ப்பவற்றில் ஒரு கார். அன்று அவன் வழக்கத்தைவிட நன்றாக நடந்துகொண்டால் பதற வேண்டாம். "இன்று இவன் வழக்கம்போல இல்லை" என்று சொல்லிவிடுங்கள், எழுதிக்கொள்வார்கள். உங்கள் கணவரையும் வரச் சொல்லுங்கள். ஒருவர் காதில் விழாதது மற்றவர் காதில் விழும். அந்தச் சொல்லைக் கேட்டபின் அடுத்த பத்து நிமிடம் தாய்க்கு ஒன்றும் விளங்காது, எனக்கு விளங்கவில்லை.

13 ஆகஸ்ட்

ஆட்டிசம்தான் என்று சொல்லிவிட்டார்கள் என நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். ஆம், இரண்டு நாள் உறங்க முடியாது. மூன்றாம் நாள் அறிக்கையை எடுத்து மெதுவாகப் படியுங்கள். முடிவுப் பத்தியை விட்டுவிட்டுப் பரிந்துரைகள் பகுதிக்குப் போங்கள். 'பயிற்சி தொடரவும்' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்; என்ன பயிற்சி, வாரம் எத்தனை மணி, பள்ளியில் என்ன வசதி, எப்போது மறு மதிப்பீடு என்று விளக்கமாக எழுதிக் கேளுங்கள். அதைக் காட்டித்தான் இனி எல்லாவற்றையும் கேட்கப் போகிறீர்கள்.

குமிழி ஊதினார்களா என்று கேட்க மறந்துவிட்டேன்.

13 ஆகஸ்ட், சற்றுப் பிறகு

அறிக்கையில் குழந்தையின் பெயர் எழுத்தும் பிறந்த தேதியும் சரியா என்று இன்றே பாருங்கள். எங்களுடையதில் மாதம் மாறியிருந்தது. கண்டுபிடித்தது பள்ளி எழுத்தர். திருத்தி வாங்க ஒன்பது வாரம் ஆயிற்று. அதில் நான்கு வாரம், அறிக்கையில் தவறு இருக்க முடியாது என்று நான் எழுத்தரோடு வாதிட்டுக்கொண்டிருந்த காலம்.